இரண்டு வழியிலும் புள்ளி இரண்டு

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் நானும் என் நாத்தனாரும் எட்டு வருடமாகப் பாட்டில் கழுவுகிறோம். தேர்வில் தேறினால் ஆய்வக உதவியாளர் ஆகலாம். போன முறை எனக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

காலையில் எழுத்துத் தேர்வு முடிந்து படியில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணி, கடைசிக் கணக்கு போட்டீங்களா?"

"ஒரு மோல் ஹைட்ரஜன், ஒரு மோல் அயோடின். அதானே?"

"அது எங்க இருக்கு? கலன்ல ரெண்டு மோல் ஹைட்ரஜன் அயோடைடு மட்டும்தான்! கேள்வியப் படிச்சீங்களா, பாட்டில் லேபிள் மாதிரி கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

வினாத்தாளைப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. வீட்டில் இரண்டு தனிமங்களும் சேருகிற கணக்கையே போட்டுப் போட்டுக் கை பழகியிருந்தது. பத்து மதிப்பெண் போயிற்று.

"உன் விடை என்னடி?"

அவள் அயோடைடு பிரிகிற பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தாள். சேர்வதும் பிரிவதும் சமமானபின் எது எவ்வளவு இருக்கும் என்பதுதான் கேள்வி; சேரும் வினைக்குச் சமநிலை மாறிலி அறுபத்து நான்கு, வர்க்கமூலம் எட்டு. ஹைட்ரஜன் புள்ளி இரண்டு, அயோடின் புள்ளி இரண்டு, மீதி அயோடைடு ஒன்று புள்ளி ஆறு மோல்.

நான் எழுதியதும் அதேதான்.

"காப்பியடிச்சீங்களா?"

"முன் பெஞ்சுல நீ, கடைசியில நான். உன் முதுகுல எழுதியிருந்துச்சா?"

அணுக்களை எண்ணிப் பார்த்தோம். எப்படித் தொடங்கினாலும் ஹைட்ரஜன் அணு இரண்டு மோல், அயோடின் அணு இரண்டு மோல். ஒரு மோல் என்றால் இருபத்து நான்கு இலக்க எண்ணிக்கை. அத்தனையும் ஓயாமல் மோதி, சேர்ந்து, பிரிந்து, இரண்டு திசையிலிருந்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மதியம் நேர்முகத்தில் தலைமை வேதியியலாளர் என் தாளைத் திருப்பினார்.

"கேள்வியில இல்லாததை வச்சுத் தொடங்கியிருக்கீங்களே, வேணும்னே செஞ்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல சார், தப்பாப் படிச்சுட்டேன். ஆனா அணுக்கணக்கு ஒண்ணுதான், அதான் விடை பொருந்துது. அயோடைடு மூணு மோல் கொடுத்திருந்தா மாட்டியிருப்பேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஆறு போட்டார். "நாலு, படிக்காததுக்கு அபராதம்." தேற அது போதும்.

வாசலில் நாத்தனார் நின்றாள்.

"அந்தக் கலனுக்குள்ள மோதிக்கிட்டேதான் இருக்கும், இல்ல? வெளியிலேருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி..." என்றேன்.

"அது மோதட்டும் அண்ணி. வேலை கிடைச்சுதா, அதச் சொல்லுங்க!"