எதிர்க்கிறவர்கள் கை தூக்கலாம்

ஆனையூர் மூன்றாவது குறுக்குத்தெரு மக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், நம் தெருவின் பண்பாடு சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பாற்றப்பட்டுவிட்டது. இனி இங்கே முஸ்லிம்களுக்கு யாரும் வீடு வாடகைக்கு விடக்கூடாது. மீறும் வீட்டுக்கும், அதற்கு உதவும் வீட்டுக்கும் பொது போர்வெல் தண்ணீர் கிடையாது. பெரும்பான்மை சொல்வதே சட்டம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தலைவர் பேயாண்டி மைக்கில் மூன்று முறை சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

தன் வீட்டு மாடியில் முஜிபுர் ரஹ்மான் குடும்பத்தைக் குடிவைத்திருந்த மலையம்மாள் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினாள். பக்கத்து வீட்டு முத்துக்குமரனும் தூக்குவதாகச் சொல்லியிருந்தார். "நான் இருக்கேன்க்கா, தைரியமா வாங்க" என்று கூட்டிவந்ததே அவர்தான். ஆனால் பேயாண்டி கேட்ட நேரத்தில் அவருடைய ஒரு கையில் டீ, மறு கையில் பஜ்ஜி. டீயைக் கீழே வைக்க இடமிருந்தது. வைக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, "ஒரே ஒரு ஓட்டு. அடுத்து, தெருவிளக்கு" என்றார் பேயாண்டி.

"ஒழுங்கா இருக்கிற குடும்பத்த எதுக்குப் போகச் சொல்லணும்?" என்றாள் மலையம்மாள். மறுநாள் அவள் வீட்டுக்கு வரும் போர்வெல் வால்வை மூடினார்கள். அவளும் முஜிபுரின் மனைவி சைனபும் தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். முத்துக்குமரன் ஒருநாள் தன் வீட்டு டியூபை மதில்வரை இழுத்துவந்தார். உதவும் வீட்டுக்கும் என்ற வரி நினைவுக்கு வந்தது. சுருட்டி வைத்துவிட்டார். குடத்தோடு போன மலையம்மாள் நின்றாள்.

"என்ன தம்பி, இன்னிக்குக் கை ரெண்டும் சும்மாதான இருக்கு?"

மாசக் கடைசியில் முஜிபுர் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ நின்றது.

"செல்லூர்ல வீடு பாத்துட்டேண்ணே. வீட்டுக்கார அம்மா போகவே கூடாதுங்கிறாங்க. நான் இருக்கிற வரைக்கும் அவுங்க சுமப்பாங்க. அம்புட்டு வயசுல இது தேவையா?" என்றார் முஜிபுர்.

"அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார் முத்துக்குமரன்.

"விடுங்கண்ணே. இந்த பீரோவ ஒரு கை பிடிங்க."

அவர் இரண்டு கையாலும் பிடித்தார்.

அடுத்த நாள் காலையில் வால்வைத் திறந்துவிட்டார்கள். மலையம்மாள் குழாயைத் தொடவில்லை; குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தாள். முத்துக்குமரன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அன்று நல்ல வேகமாக வந்தது.