விமானம் இறக்கி வைத்த இடம்

தில்லைமேடு பேரூராட்சியில் சர்வதேச விமான நிலையம் வந்தபோது யாரும் ஒரு கூடை மண்கூட அள்ளிப் போடவில்லை. சாயங்காலம் அலுவலகக் கணினியில் ஏறியது; மறுநாள் காலை இட்லி வேகிற நேரத்துக்கு முதல் விமானம் வந்துவிட்டது. இறங்க ஓடுதளம் இல்லாததால் அது மலர்க்கொடி வீட்டு முருங்கை மரத்துக்குக் கொஞ்சம் மேலே சத்தமில்லாமல் நின்றது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சீனாக்காரர், கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கையாட்டினார். அவளும் மரியாதைக்கு ஆட்டினாள். மத்தியானம் வரை நின்றுவிட்டு விமானம் வந்த வழியே போனது. அதற்குள் இன்னும் இரண்டு வந்து பின்னால் வரிசையில் நின்றிருந்தன.

விஷயம் இதுதான். ‘தானே’ புயலில் ஊர்ச் சிவன் கோயில் கருவறைக்கு மேலிருந்த விமானம் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. சின்னக் கோயில், விமானமும் ஒரு வைக்கோல் வண்டி அளவுதான். கிரேன் வைத்து முழுசாகத் தூக்கி, கோயிலுக்குப் பின்னாலிருந்த புறம்போக்கில் இறக்கி வைத்தார்கள். பழுது பார்த்து முடியும் வரை மேற்படி இடத்தை விமானம் இறக்கி வைக்கப் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர், அன்றைக்கு வார்டு மெம்பராக இருந்த சுப்பராயலு, அதாவது மலர்க்கொடியின் கணவர். அப்புறம் திருப்பணிக் கமிட்டி இரண்டாக உடைந்தது. விமானம் கிடந்த இடத்திலேயே கிடந்து, அதில் அரசங்கன்று முளைத்து, ஆடுகள் ஏறி விளையாடத் தொடங்கின. வருஷங்கள் கழித்துப் பழைய தீர்மானங்களையெல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சந்திரலேகா ‘நிலத்தின் பயன்பாடு’ என்ற கட்டத்தை அழுத்தினாள். பள்ளி, குளம், சுடுகாடு, உரக்கிடங்கு என்று இறங்கிய பட்டியலில் விமானம் என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருந்தது. பொறுப்பாளர் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டது; தீர்மானம் கொண்டுவந்தவருடையதைப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. சிதம்பரத்திலிருந்து வரும் கிள்ளை பஸ்ஸின் கண்டக்டர், பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் “ஏர்போர்ட்டுல்லாம் எறங்கு” என்று கத்தினார். கல்யாணம் வைத்தவர்கள் சாமியானா போடுவதை விட்டுவிட்டு, அகலமான விமானம் எப்போது வரும் என்று விசாரித்து முகூர்த்தம் குறித்தார்கள். கஷ்டம் முழுக்க மலர்க்கொடிக்குத்தான். விமானங்களின் ஏசி தண்ணீர் ஊரில் வேறெங்கும் விழாமல் அவள் வாசலில் மட்டும் சொட்டியது. நிழல் விழுந்து விழுந்து வடாம் காயவில்லை, கருவாடு காயவில்லை, துவைத்துப் போட்ட துணி முடைநாற்றம் எடுத்தது.

சுப்பராயலுவுக்கோ அது மறுவாழ்வு. பதவி போன கையோடு அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாசல் கட்டிலில் படுத்தபடி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். ஒரு நாள் தலைக்கு மேல் நின்ற விமானத்தைக் காக்கை விரட்டுவதுபோல் துண்டை வீசி விரட்டினார், அது கிளம்பிவிட்டது. அன்று முதல் எல்லா விமானங்களும் அவர் துண்டுக்காகக் காத்திருந்தன. காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நல்ல கையால் துண்டு வீசி, வந்ததை நிறுத்துவதும் நின்றதை அனுப்புவதுமாக இருந்தார். மறுபடியும் அவரை மெம்பர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மலர்க்கொடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மாடியில் ஒரு அறை. போன ஐப்பசியில் வெள்ளாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டில் காலுக்குச் செங்கல் மேல் செங்கலாக வைத்து, கணவரின் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பொழுதுக்கும் நின்றாள். ஒரு சாரைப்பாம்பு கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் ஏதோ வேடிக்கை பேசினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவோமோ என்று அன்று பிடித்த பயம், தண்ணீர் வடிந்த பிறகும் வடியவில்லை. அடுத்த மழைக்குள் அவரை மேலே ஏற்றியாக வேண்டும். கல்லும் மணலும் இறக்கி, கொத்தனார் காத்தவராயனிடம் சொல்லிவிட்டு, வரைபட அனுமதிக்குப் பேரூராட்சி அலுவலகம் போனாள்.

செயல் அலுவலர் திருநாவுக்கரசு கெட்டவர் இல்லை. கணினி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். விமான நிலைய எல்லைக்குள் மாடி கூடாது. வேண்டுமானால் நிலையப் பொறுப்பாளரின் தடையில்லாச் சான்று வாங்கி வரவேண்டும் என்றது. கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். மனுவை வாங்கியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, துபாய்க்கு நேர் விமானம் உண்டா, மச்சான் ஊருக்கு வரவேண்டியிருக்கிறது என்று கேட்டார். திருப்பாதிரிப்புலியூரில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பொறுப்பாளர் யார் என்றுதான் தெரியுமே, வீட்டுக்காரர்தானே, கையெழுத்து எங்கே போய்விடும் என்று நினைத்தாள்.

“பொண்டாட்டிக்குன்னு நான் கையெழுத்து போட்டா ஊரு என்ன பேசும் மலரு?” என்றார் சுப்பராயலு. “பிளைட்டுக்கு எடஞ்சலா மாடி எழுப்ப முடியாது. ரூல்னா ரூலு.”

“ஊரு பேசட்டுங்க. தண்ணி வந்தா ஊரா வந்து உங்கள தூக்கும்?”

அவர் துண்டை உதறிக்கொண்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். அன்று முதல் அவருக்குக் கஞ்சியில் உப்பு விழவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் பதவிக்கு இழுக்கு என்று நினைத்திருக்கலாம். புரட்டாசி முடியப்போகிறது, வாசலில் கல் கிடக்கிறது, கடல் பக்கம் தினமும் மின்னுகிறது. கோபத்தையும் மீறி அவளுக்கு அழுகையாக வந்தது. கோயிலுக்குப் போய் உட்கார்ந்தாள். தலையில் விமானம் இல்லாத கருவறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் நேரே அலுவலகம் போனாள்.

“விமானம் இருக்கற எடத்துல கோபுரம் இருக்கணுமா இல்லியா சார்?” என்று கேட்டாள்.

திருநாவுக்கரசு கோயிலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இருக்கத்தானே வேணும் என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன் சந்திரலேகாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பட்டியலைத் தேடினாள், ‘கட்டுப்பாட்டுக் கோபுரம்’ என்று இருந்தது. மாடியை வேண்டாம் என்ற கணினி, கோபுரம் என்றதும் பச்சை காட்டியது. காட்டியதோடு நில்லாமல், இத்தனை நாள் கோபுரம் இல்லாமல் நிலையம் எப்படி நடந்தது என்று விளக்கமும் கேட்டது. சுப்பராயலு கோபுரம் என்ற சொல்லைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு, கீழே பதவியையும் எழுதினார். அன்று ராத்திரி கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது.

காத்தவராயன் ராப்பகலாகக் கட்டினான். நாலு பக்கமும் பெரிய சன்னல் வைத்த அறை, முருங்கை உயரத்துக்கு எழுந்து நின்றது. ஒரே குறை, கணினி கொடுத்த வரைபடத்தில் படிக்கட்டு இல்லை. அதற்குத் தனி விண்ணப்பம் போடவேண்டும் என்றார்கள். போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முற்பகல் வெள்ளாறு சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்குள் வந்தது. காத்தவராயன் நீந்தி வந்து மூங்கில் ஏணியைச் சாத்தி, மெம்பரை முதுகில் கட்டிக்கொண்டு காலை வைத்தான். படியாக இருந்த பழு ஒன்று முறிந்தது. இன்னொரு தடவை வைத்தான், இன்னொன்று முறிந்தது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. வானத்தில் ஒரு விமானமும் இல்லை. மழைக்காக எல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தன.

“எத்தினி பிளைட்டுக்கு கை காட்டினீங்க,” என்றாள் மலர்க்கொடி. “இப்ப ஒண்ணுகூட வரலியே.”

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். “ஒண்ணு இருக்குது மலரு,” என்றார். “நான் எறக்கி வெச்சது.” நனைந்த துண்டைப் பிழிந்து, கோயில் பக்கம் திரும்பி வீசினார்.

புறம்போக்கில் கிடந்த விமானம் அசைந்தது. அரசங்கன்றை உதறிப் போட்டுவிட்டு எழுந்து, வெள்ளத்துக்கு ஒரு முழம் மேலே மெதுவாக வந்தது. மேலே ஏறி ஒதுங்கியிருந்த யாருடையதோ ஒரு ஆடும் கூடவே வந்தது. வாசலில் வந்து நின்றபோது மலர்க்கொடி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் படக்கூடாத இடம் என்று தயங்கியதெல்லாம் ஒரு நொடிதான். காத்தவராயனும் அவளுமாக, மூலையிலிருந்த சுதை நந்தியின் முதுகில் மெம்பரை உட்காரவைத்து வேட்டியால் கட்டினார்கள். மிச்சமிருந்த பழுக்களில் அவள் ஏறி மேலே போய் நின்றாள். அவள் ஒருத்தியை ஏணி தாங்கியது. விமானம் சன்னல் வரைக்கும் உயர்ந்து, அவள் கணவரை உள்ளே இழுக்கும் வரை ஆடாமல் நின்றது. ஆட்டையும் இழுத்துக்கொண்டாள். சுப்பராயலு துண்டை வீசினார். அது போய்க் கருவறை மேல், புயலுக்கு முன்பு எங்கே இருந்ததோ அங்கே உட்கார்ந்தது. அதன் பிறகு அவர் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவள் அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் திருநாவுக்கரசு சந்திரலேகாவோடு வந்து பார்த்தார். புறப்பாடு ஒன்று, பயணி ஒருவர், ஆடு ஒன்று என்று குறித்துக்கொண்டார். விமானம்தான் மேலே ஏறிவிட்டதே, தீர்மானம் நிறைவேறியதாக எழுதி விமான நிலையத்தை முடித்துவிடலாமே என்றும் சொன்னார். முடித்தால் எங்கள் கோபுரம் என்ன ஆகும் என்று மலர்க்கொடி கேட்டாள். அனுமதியில்லாத மாடி ஆகும் என்றாள் சந்திரலேகா. செயல் அலுவலர் கோயிலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். கும்பாபிஷேகம் நடந்து, ஊரே பொங்கல் வாங்கித் தின்ற பிறகும், பேரூராட்சிக் கணினியில் விமானத்தின் பழுது இன்றுவரை பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

தை மாதம் வெயில் ஏறியதும் விமானங்கள் திரும்பி வந்தன. படிக்கட்டுக்கும் அனுமதி வந்து கட்டியாகிவிட்டது. மலர்க்கொடி கோபுரத்தின் மேல்தளத்தில் பழைய புடவையை விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்தபோது பெரிய நிழல் ஒன்று வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, கீழே அறைச் சன்னலில் இருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, வடாம் காயுது. செத்த தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

விமானம் தள்ளி நின்றது.