முன்வரிசையில் கைமாறிய நோட்டு

மில்லில் நைட் ஷிப்டை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு இலக்கிய விழாக்களுக்குப் போய்விட்டேன். என் கதை நோட்டு இரண்டிலும் போனபடியே திரும்பியது. மூன்றாவது விழா போடியில், ஏலக்காய் வியாபாரிகள் நடத்தியது. பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் வருவதாக நோட்டீசில் போட்டிருந்தது. அவரை ஒரு பக்கமாவது படிக்க வைக்க வேண்டும். முடியாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மில் வாசலில் போய் நிற்பதாக அக்கா பூமாரியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு என்ற விழாவுக்கு ஆசிரியர் பன்னிரண்டுக்குத்தான் வந்தார். அதுவரை பொருட்காட்சியைச் சுற்றினேன். லோயர் கேம்ப் மின்நிலையத்தைத் தகரத்தில் செய்து வைத்திருந்தார்கள். வாளித் தண்ணீரை ஊற்றினால் ஒரு சின்ன பல்பு எரியும். மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

விழா நடந்தது ஏல மண்டபத்தில். ஏலத்தன்று சாம்பிள் ஏலக்காய் அங்கே கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு வியாபாரியும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து அடுத்தவரிடம் தள்ளுவார். கடைசி ஆள் தரையில் கொட்டிவிடுவார். அது கூட்டிப் பெருக்கும் பெண்களுக்குச் சேரும்.

விழாச் செயலாளர் பொன்னுராஜ் அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினேன். "நானே மேடைக்குப் போயி குடுத்துரட்டுமா?"

"நீ எங்கன ஏறுவ? பொன்னாடை போடவே அங்கன எடமில்ல. குடு, பாஸ் பண்ணி விடுவோம்."

முன்வரிசையின் இந்த ஓரத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். மேடைப் படி அந்த ஓரத்தில். இடையில் ஒன்பது வியாபாரிகள்.

முதல் ஆள் எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்திப் பார்த்தார். அடுத்தவர் தாளை விரலால் நெருடினார். இன்னொருவர், "கையெழுத்து நல்லாருக்கே" என்று தள்ளினார். எல்லோர் கண்ணும் மேடையில். கடைசியில் மலைச்சாமி முதலாளி. ஒரு புரட்டு புரட்டினார். கையை நாற்காலிக்கு வெளியே நீட்டி விரல்களை விரித்தார். நோட்டு கீழே விழுந்தது.

தொண்டர்கள் என்னை முன்னே விடவில்லை. பேச்சு முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் போக முடிந்தது. நாற்காலிக்கடியில் ஒன்றுமில்லை.

"நோட்டா?" மலைச்சாமி நெற்றியைத் தேய்த்தார். "அடடா, சாம்பிள்னு நெனச்சுக் கீழ போட்டுட்டேன்டா. அக்கம்மா கூட்டியிருப்பா."

அக்கம்மாள் மூலையில் சாக்கோடு உட்கார்ந்திருந்தாள். "தரையில கெடந்தா எங்களுக்குத்தான்."

"அது காயா? நோட்டுல்ல, அக்கா."

"காய்னா குடுப்பனா?" சாக்குக்குள் கைவிட்டு எடுத்து முந்தானையில் துடைத்தாள். "என்ன எழுதிருக்க?"

"கதை."

"முதலாளிமாருக்குப் பிடிக்கலையாக்கும்."

வெளியே ஓடினேன். பொருட்காட்சிக் கூட்டத்தில் ஆசிரியரின் கார் மாட்டிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் அவர், மடியில் ஏலக்காய் மாலை. முன்சீட்டில் பொன்னுராஜ்.

"தபாலில் அனுப்புங்களேன், தம்பி" என்றார் ஆசிரியர்.

பொன்னுராஜ் கையை வெளியே நீட்டினார். "இங்கன குடுறா. நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்."

அந்தக் கையைப் பார்த்தேன். முதல் கதையை அப்படியே கிழித்தேன், நான்கு தாள். ஆசிரியரின் மடியில் மாலைக்கு மேல் வைத்தேன்.

"ஒரு பக்கம் படிங்க. இப்பவே."

"ஏலே, என்ன மரியாதை இது?" என்றார் பொன்னுராஜ்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆசிரியர் முதல் தாளைத் திருப்பினார். கூட்டம் விலகியது. அவர் நிமிராமலே இருக்க, கார் நகர்ந்து தேனி ரோட்டில் ஏறியது. இரண்டாவது தாளைத் திருப்புவது பின்கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்போதுதான் கையில் மிச்சமிருந்த நோட்டைக் கவனித்தேன். என் பெயரையும் விலாசத்தையும் அதன் அட்டையில் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

கார் வேகம் எடுப்பதற்குள் ஓட ஆரம்பித்தேன்.