மழைநீர் வந்து சேரும் வீடு

பூங்கா மேற்பார்வையாளரின் வீட்டுக் குழாயில் முதன்முதலாகப் புல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு. பல் துலக்கி வாய் கொப்பளிக்கப் போனவர் ஒரு கைப்பிடி பச்சைப் புல்லைத் துப்பினார். அன்று காலை அறுத்த புல் என்பதை அவர் நாக்கே கண்டுபிடித்துவிட்டது. பின்னாலேயே உர மணிகள் வந்தன, ஒரு சிகரெட் துண்டு வந்தது, புல் அறுக்கும் இயந்திரத்தின் எண்ணெய் வந்தது. குழாய் பழுதுபார்ப்பவரை வரவழைத்தார்கள். அவர் சுவரைத் தட்டி, தரையைத் தட்டி, குழாயில் குறையொன்றும் இல்லை, தண்ணீர்தான் வேறு தண்ணீர் என்று சொல்லி, கொடுத்த டீயை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு ஆச்சரியப்படாத ஒரே ஆள் பூங்காவில் எழுத்து அடிக்கும் அக்கா. அங்கே பதினான்கு மழைநீர் வடிகால்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வாயருகிலும் சிமெண்டுத் தரையில் நீல பெயிண்டால், 'இந்த நீர் குளத்துக்குப் போகிறது' என்று எழுதியிருக்கும். எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது அவள் வேலை. மற்ற நாட்களில் பாத்தி கொத்துவாள், களை பிடுங்குவாள். எழுத்து மங்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் மேற்பார்வையாளர்தான். பார்வையிட வருகிற அதிகாரிகள் முதலில் படிப்பது அதைத்தான். எழுதியிருப்பதற்கும் செய்வதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. புல் அறுத்தால் பாதையைக் கூட்டி அள்ளிப் பாத்தியில் போட வேண்டும், மருந்து அடிக்கும் முன் வானத்தைப் பார்க்க வேண்டும், வடிகால் வாயில் மணல் மூட்டையை அண்டக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்களுக்கு அத்துப்படி. அவரோ ரப்பர் குழாயைக் காட்டி, கழுவி விடு என்பார். தண்ணீர் பட்டால் எல்லாம் சுத்தம் என்பது அவர் கட்சி. ஆட்கள் அவருக்குக் 'கழுவிவிடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அக்காவின் கணவர் குளத்து மடைக்காரர். வடிகால்கள் வந்து விழும் இடத்தில் இடுப்பளவு நீரில் நின்று, கம்பி வலையில் சேரும் குப்பையை வாரி எடுப்பார். ஒரு மத்தியானம், வானம் கறுத்து நிற்கும்போது, களைக்கொல்லி மிஞ்சியிருந்த தகரப் பீப்பாயை வடிகாலில் கவிழ்த்துக் கழுவி விடச் சொன்னார் மேற்பார்வையாளர். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்களாம், மிஞ்சிய மருந்து கண்ணில் படக்கூடாதாம். மழை கொட்டியது. குளத்து நீரில் நின்றிருந்த மடைக்காரர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுக் கண்ணை மூடினார். குளத்து மீன்கள் அவருக்கு முன்பே வயிற்றைக் காட்டி மிதந்துவிட்டன. மேற்பார்வையாளர் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்: ஊழியர் குடிபோதையில் தவறி நீரில் விழுந்தார். மீன்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை, அவையும் குடித்திருந்தன என்று எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். மடைக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அந்த ஒரு வரி ஊரைச் சுற்றி வந்து, அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகளாக்கியது. அப்பா நிஜமாகவே குடித்தாரா என்று மகள் ஒருநாள் கேட்டாள். அந்த வரியை எழுதிய கையே அதை அடித்துவிட்டு உண்மையை எழுத வேண்டும், அதுவரை அந்த ஆளை நிம்மதியாகத் தூங்க விடுவதில்லை என்று அக்கா அன்றே முடிவு கட்டினாள்.

எழுத்தைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. அக்கா அதே பீப்பாயின் மூடியைக் கழற்றி, தகரம் வெட்டும் கத்தரியால் புதுத் தகடு வெட்டினாள். பட்டப்பகலில், ஆட்கள் நடக்க நடக்க, பதினான்கு வாயிலும் 'இந்த நீர் மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போகிறது' என்று அடித்தாள். எழுத்து பளிச்சென்று இருந்ததால் யாரும் நின்று படிக்கவில்லை. வடிகால்கள் படித்தன. அவை எழுதியபடி நடப்பவை. அதுவரை யாரும் வேறொன்றை எழுதிப் பார்க்காததால் அது வெளியே தெரியாமல் இருந்தது.

மேற்பார்வையாளர் தலைமை அலுவலகத்தில் புகார் கொடுத்தார். பொறியாளர் வந்து வடிகாலைப் பார்த்தார், எழுத்தைப் படித்தார், அப்படித்தானே போட்டிருக்கிறது என்றார். வரைபடத்தை விரித்தால் அதிலும் நீலக்கோடு மேற்பார்வையாளர் வீட்டுச் சமையலறையில் போய் முடிந்தது. மேற்பார்வையாளர் ஆள் வைத்து எழுத்தைச் சுரண்டிப் பார்த்தார். போக்கிடம் தெரியாத நீர் ஒன்பது நாள் பூங்காவிலேயே முழங்கால் அளவு நின்றுவிட்டு, பிறகு பழகிய வழியில் அவர் வீட்டுக்கே போனது. வீட்டை மாற்றி மைத்துனர் வீட்டு நாலாம் மாடிக்குப் போனார். நீர் நாலு மாடியும் ஏறி, சரியான கதவைத் தேடி வந்தது. நாய்க்கழிவு மிதந்த ஒரு மழை நாளில் மைத்துனர் மரியாதையாகப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார். மனைவியும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கடைசியில் அவர் அக்காவைத் தேடி வந்தார். அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"பழையபடி குளம்னு எழுதிடுங்கம்மா."

"எழுதலாம் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வரி எழுதணும். அவர் குடிக்கலைன்னு."

அதை எழுதினால் பீப்பாயைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அவர் திரும்பிப் போனார். வீம்பு இரண்டு வருஷம் நீடித்தது. அந்த இரண்டு வருஷமும் பூங்கா இருந்தது போல் எந்தப் பூங்காவும் இருந்திருக்காது. மேற்பார்வையாளரே விடியலில் துடைப்பத்தோடு வந்து, விழுந்த புல்லை இழை இழையாகக் கூட்டி அள்ளினார். மேகம் ஒன்று தெரிந்தாலும் மருந்தடிப்பதை நிறுத்தினார். கொட்டிய எண்ணெயில் மரத்தூளைத் தூவி அள்ளினார். வீட்டுக்கு வந்த நீர் கண்ணாடி போல் ஆனது. இதோடு விட்டது என்று நினைத்தார். அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கினார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் வருஷம், மேற்பார்வையாளர் விடுப்பில் வீட்டில் இருந்த ஒரு நாள், வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஆள் களைக்கொல்லி அடித்த கைப்பம்பை வடிகால் வாயிலேயே வைத்துக் கழுவினான். அக்கா பத்தடி தள்ளி நின்றாள். கையில் மணல் மூட்டை இருந்தது. நாலு எட்டு வைத்துப் போட்டிருக்கலாம். மூட்டையைக் கீழே இறக்கி, அதன் மேல் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை பார்த்தாள்.

மேற்பார்வையாளர் அப்போது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அலறிக்கொண்டு ஓடி, வழுக்கி, வாசலில் வந்து விழுந்தார். பக்கத்து வீட்டார் கூடினார்கள். பகலிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். பொண்டாட்டி போனால் அப்படித்தான் என்றார் இன்னொருவர். தோல் உரிந்த முதுகோடு கிடந்தவரிடம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு குடித்தீர்கள் என்பது. அவர் குடித்ததே இல்லை. சத்தியம் செய்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் ஏதோ எழுதினார்.

அவரும் பதினொரு நாள் படுத்திருந்தார். பன்னிரண்டாம் நாள், முதுகில் கட்டோடு அலுவலகம் போய்ப் பழைய கோப்பை எடுக்கச் சொல்லி, அந்த வரியைத் தன் கையால் அடித்து, பீப்பாயையும், மழையையும், தான் சொன்ன சொல்லையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் ஒன்றைப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மகள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். அக்கா அன்றுதான் கணவருக்காக வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் பெயிண்ட் டப்பாவோடு அவள் முன் நின்றார்.

"எழுதிட்டேன்மா. இனி மாத்திடலாம் இல்ல?"

அக்கா டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். நல்ல நீலம். பீப்பாய் மூடியில் வெட்டிய அதே தகட்டையே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா அழுத்திப் புடிங்க சார். எழுத்து மங்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

அவர் பிடித்தார். இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை அவர்தான் தகட்டைப் பிடிக்கிறார், அவள் அடிக்கிறாள். குளத்துக்கு வானத்து மழை மட்டும் போகிறது, மீன் திரும்பிவிட்டது. மேற்பார்வையாளர் வீட்டுக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.