கத்தினால் மட்டும் கேட்ட டேப்

புருஷன் தசரதன் செத்த பிறகு பொன்னி அந்தக் கேசட்டை நூறு தரமாவது கேட்டிருப்பாள். அவள் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்கப் போயிருந்த பௌர்ணமி அன்று, வீட்டில் அவன் பாட்டுப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்துவிட்டது. கேசட்டில் "பொன்னி!" என்று நாலு தரம் கத்துகிறான். நடுவில் ஒன்றுமே இல்லை.

டேப் ரெக்கார்டரைச் செங்கம் ரோட்டில் அஜிதனின் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தாள்.

"சாவும்போது பக்கத்துல ஆளே இல்லப்பா. நடுவுல மெதுவா எதுனா சொன்னாரான்னு தெரியணும்."

அஜிதன் மீட்டர் வைத்துப் பார்த்தான். "கேசட் நல்லாதான் இருக்குதுக்கா. இந்த ரெசிஸ்டர்தான் டிரான்சிஸ்டருக்கு எப்பவும் கொஞ்சம் கரண்ட் குடுத்து முழிச்சிருக்க வைக்கணும். இது போயிடுச்சு. அதான் கத்துனா மட்டும் எழுந்துக்குது, மெதுவா பேசுனா தூங்கிடுது."

"எங்க வீட்டுக்காரரு மாதிரியேதான்."

புது ரெசிஸ்டரைப் பற்றவைத்துப் பட்டனை அமுக்கினான். "பொன்னி!" என்ற கத்தலுக்குப் பிறகு இந்த முறை ஃபேன் சத்தமும் தசரதனின் மூச்சிரைப்பும் கேட்டன. அப்புறம் மெல்ல ஒரு பெண் குரல்: "இங்கதாங்க இருக்கேன். தண்ணி குடிங்க."

அஜிதன் சிரித்தான். "என்னாக்கா, ஆளே இல்லன்னீங்க? உங்க கொரலுதானே இது?"

பொன்னி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரல் அவளுடையதுதான். ஆனால் அவள் வீடு வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்.

டேப்பில் தசரதன் நிம்மதியாக, "வந்துட்டியா," என்றான்.

அவள் முகத்தைப் பார்த்த அஜிதனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நிறுத்திடட்டுமாக்கா?"

"வேணாம்பா," என்றாள் பொன்னி. "அவ பேசட்டும்."