ஏட்டுக்குக் கொடுத்த ஒயின்

கிறிஸ்துமஸ் அன்று வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவார்களா? தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கோரமண்டல் லைனில் எவளும் அனுப்பமாட்டாள். ஐடாவும் அனுப்பவில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

பக்கத்து வீட்டு சைக்கிள் திருட்டை விசாரிக்க வந்த ஏட்டுக்குக் கேக்கோடு, பண்டிகைக்கென்று வீட்டிலேயே போட்ட திராட்சை ஒயினும் ஒரு டம்ளர் கொடுத்தாள். ஊருக்குப் புதியவர் அவர். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் இருக்குதாம்மா?" என்றார். ருசி பிடித்துவிட்டதாக்கும் என்று பூரித்துப்போன இந்தப் பைத்தியக்காரி, ஜாடியையே தூக்கி வந்து காட்டினாள். வாசலிலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டு, மதுவிலக்குக் கேஸ் எழுதினார் மனுஷன். கீழ்க்கோர்ட்டில் மூன்று மாத ஜெயில்.

இன்று கோலாரில் அப்பீல். ஜாமீனில் இருந்த ஐடா, பால்குடி மறக்காத மகளை இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தோற்றால் ஜெயில்தான். புருஷன் கிளாரன்ஸ் சுரங்க ஷாஃப்டுக்குள் வேலைக்கு இறங்கிவிட்டால் பிள்ளைக்கு யார்? கர்த்தாவே, அழுதே செத்துப்போகுமே!

"இன்னா ஆனாலும் வாய தொறக்காதம்மா. ஒன் வாய்தான் ஒனக்கு எமன்," என்று வக்கீல் தாமோதரன் எச்சரித்திருந்தார்.

"பரிசோதனைக்கு அனுப்பின சாம்பிள் எங்கே?" என்று ஜட்ஜ் கன்னடத்தில் கேட்டார்.

சர்க்கார் வக்கீல் பின்னால் நின்ற ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தரையைப் பார்த்தார்.

"ஜாடி உடைஞ்சுபோச்சு, சுவாமி," என்றார் சர்க்கார் வக்கீல்.

"அப்புறம் மதுதான்னு எப்படித் தெரியும்?"

"ஏட்டு குடிச்சுப் பார்த்திருக்கார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. ஐடாவை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு 'நான் போட்ட ஒயின்தான் சாமி' என்று உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. எழுந்தேவிட்டாள்!

"உக்காருடி," என்று கிளாரன்ஸ் கையைப் பிடித்து இழுத்தான்.

ஒருவர் நாக்கை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது, தண்டனை ரத்து என்றார் ஜட்ஜ். கிளாரன்ஸ் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஐடாவுக்கு விளங்கியது. ஓவென்று அழுதாள்.

வெளியே வராந்தாவில் ஏட்டு எதிரே வந்தார். முகம் செத்துக் கிடந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கமாக வந்தார்.

"மனசுல வெச்சிக்காதம்மா," என்று ஆரம்பித்தார்.

ஐடா பின்வாங்கினாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலிக் கையை விரித்துக் காட்டினாள்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணா. சத்தியமா ஒண்ணும் இல்ல."