றப்பர் விரல்

சில்வெஸ்டர் இறந்த அடுத்த மாதம் அவருடைய வேலை அம்பிகாவிடம் வந்தது. பிராங்பேர்ட்டில், கணினிச் சஞ்சிகை ஒன்றுக்காகப் புதிய இயந்திரங்களைப் பரிசோதித்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம். அங்கே இருந்த தமிழர் இருவர். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பனியில் வழுக்கிய லொறி சில்வெஸ்டரின் காரை நசுக்கிய பிறகு, அவள் மட்டும்.

முதல் வேலையே இரண்டு மடிக்கணினிகளை ஒப்பிடுவது. பெட்டி, திரை, பற்றறி எல்லாம் ஒன்றே. புரோசசர் மட்டும் வேறு. ஒன்றில் பழைய 486. மற்றதில், மடிக்கணினிகளுக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த பென்டியம். எது வேகம், எது பற்றறியைக் குறைவாகத் தின்னும் என்று சொல்ல வேண்டும்.

வேகத்தை அளப்பதில் சிரமமில்லை. ஒரே கணக்கை இரண்டுக்கும் கொடுத்தாள். பென்டியம் முடித்துவிட்டுச் சும்மா இருக்க, 486 பாதிவழியில் முனகிக்கொண்டிருந்தது. ஆனால் பென்டியத்தின் அடிப்பக்கம் தொட முடியாதபடி கொதித்தது.

பற்றறியை அளக்கத்தான் சில்வெஸ்டர் செய்துவைத்திருந்த றப்பர் விரல் வேண்டும். யாரும் விசையைத் தொடாவிட்டால் மடிக்கணினி தூங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். அதற்காக அவர் சின்ன மோட்டர் ஒன்றில் கம்பியைப் பூட்டி, தன் சுட்டுவிரலை அச்செடுத்து றப்பரில் வார்த்து, நுனியில் மாட்டியிருந்தார். நகம், ரேகை, பழைய வெட்டுத் தழும்பு எல்லாம் அதில் இருந்தன. சீராக அடித்தால் மனிதர் வேலை செய்வதுபோல் இராது என்று, தன் தட்டச்சின் தாளத்தையே அதற்குக் கொடுத்திருந்தார். நாலைந்து தட்டு. யோசிப்பதுபோல் ஓர் இடைவெளி. பிறகு அவசரமாக இரண்டு.

அந்த இரண்டுக்குப் பிறகுதான் அவர் வழக்கமாகத் திரும்பி, "அம்பிகா, தேத்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்பார். இப்போதும் அந்த இரண்டு தட்டு விழும்போதெல்லாம் அவள் கழுத்து தானாகத் திரும்பியது. ஒருமுறை வாய்விட்டே "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு, வெறும் கதிரையைப் பார்த்தபடி நின்றாள்.

வேறு முறை வைக்கலாமா என்று மேலாளர் வேபர் அம்மாவிடம் கேட்டாள். "முறையை மாற்றினால் முந்தைய அளவுகளோடு ஒப்பிட முடியாது" என்றார் அவர்.

பென்டியத்தின் பற்றறி மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்தது. திரை கறுத்த பிறகும் விரல் செத்த இயந்திரத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தது. அம்பிகா பதறி அதைக் கையால் பிடித்தாள். மோட்டர்ச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் 486 ஓடிக்கொண்டிருக்கும்போது சில்வெஸ்டரின் மனைவி கொறற்றி வந்தாள், கணவர் அலுவலகத்தில் விட்டுப்போன கோட்டை எடுத்துக்கொண்டு போக. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ளுக்கை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. மிசின்."

"இல்லை. இது அவர். சாப்பாட்டு மேசையிலை இப்பிடித்தான் தட்டுவார். நான் ஏசுவன்."

உள்ளே வந்தவள் விரலைக் கண்டாள். குனிந்து தழும்பைப் பார்த்தாள். "மீன் வெட்டேக்கை பட்டது" என்றாள் மெதுவாக. "இதை வைச்சு என்ன பாக்கிறியள்?"

"எந்தக் கொம்பியூட்டர் நல்லது எண்டு. மற்றது கெதியா வேலையை முடிக்கும், பற்றறியும் கெதியாப் போயிடும். இது மெதுவாத்தான் செய்யும். ஆனா கனநேரம் இருக்கும்."

"கனநேரம் இருக்கிறதை வாங்கச் சொல்லி எழுதுங்கோ."

பற்றறி தீருமுன் வேகமானது இதைவிட அதிகக் கணக்குகளை முடித்துவிடும் என்பது அம்பிகாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

கொறற்றி தன் கையை விசைப்பலகைக்கும் விரலுக்கும் நடுவே வைத்தாள். விரல் அவளுடைய புறங்கையில் தட்டியது. இடைவெளி வந்தது. "இப்ப ரெண்டு" என்றாள். இரண்டு தட்டியது. விசை அமுங்காததால் சற்று நேரத்தில் திரை அணைந்தது. அன்றைய சோதனை பாழ். கொறற்றியின் கண்ணீர் விழுந்து விரலும் நனைந்தது.

"இது நிக்காதோ?"

"சுவிச்சை அமத்தினாத்தான் நிக்கும்."

"எங்கை?"

அம்பிகா காட்டினாள். கொறற்றி தானே அமர்த்தினாள். அறை அமைதியானது.

"இனி இதைப் போடாதேங்கோ தங்கச்சி. அந்த மனுசனைக் கொஞ்சம் இருக்க விடுங்கோ."

அம்பிகா விரலைக் கழற்றிக் கொடுத்தாள். கொறற்றி அதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

விரல் போனதை அறிந்து வேபர் அம்மா கத்தினார். பழைய இயந்திரங்களையும் புதிய முறையில் திரும்ப அளந்து தருகிறேன் என்று அம்பிகா சொன்னாள். விரலுக்குப் பதிலாக, ஒரே சீராக அடிக்கும் வெறும் றப்பர்க் கட்டை ஒன்றைப் பூட்டினாள். சனிக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. 486 நெடுநேரம் தாங்கியது. ஒரு பற்றறியில் முடித்த வேலையில் பென்டியம் முந்தியது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதி, கட்டுரையில் சில்வெஸ்டரின் பெயரை முதலிலும் தன் பெயரை அடுத்தும் போட்டு அனுப்பினாள்.

சஞ்சிகையிலிருந்து தொலைபேசி வந்தது. ஓர் அளவைச் சரிபார்க்க சில்வெஸ்டரோடு பேச வேண்டுமாம்.

"அவர் இல்லை" என்றாள் ஜெர்மனில்.

"பரவாயில்லை, நாளைக்கு எடுக்கிறேன்" என்று அந்த ஆள் வைத்துவிட்டான்.

மறுநாள் காலை சில்வெஸ்டரின் மேசையில் தொலைபேசி அடித்தது. வேபர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அம்பிகா எழுந்து போய், அவருடைய கதிரையில் உட்கார்ந்து எடுத்தாள்.

"சில்வெஸ்டர் இறந்துவிட்டார்" என்றாள். "எந்த அளவு என்று சொல்லுங்கள். நான் பார்க்கிறேன்."